கிழக்கு வாசல், மேற்கு வெயில்

டாலஸ் வட்டாரத் தமிழர்கள் கூடும் எந்த விருந்திலும் ஒரு மூலையில் வீட்டுப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வேலை மாறிப் புதிதாக வந்தவருக்கு அங்கே கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றேதான்: "ஃபிரிஸ்கோவுல புது கம்யூனிட்டி பாருங்க பாஸ். புது வீடு, பில்டர் வாரண்டி, ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. ஸ்கூல். ஈஸ்ட் ஃபேசிங் கிடைச்சா கண்ண மூடிட்டு புக் பண்ணிடுங்க."

சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. டாலஸுக்கு வடக்கே, 2000-ல் 33,714 பேர் வாழ்ந்த ஃபிரிஸ்கோ, 2020 கணக்கெடுப்பில் 2,00,509 பேரைத் தொட்டது. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஆசிய வம்சாவளியினர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வாங்கியவர்கள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. அந்த அனுபவத்தில்தான் இப்படிப் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் காலம் வேறு. என் கட்சி அந்த அறிவுரைக்கு நேர்மாறானது: பழைய வீட்டைவிடப் புது வீட்டைத்தான் அதிகமாகத் துருவிப் பார்க்க வேண்டும். ஒரு கோடையையோ ஒரு பெருமழையையோ அதற்குள் இருந்து கழித்தவர் இன்னும் யாரும் இல்லை.

கிழக்கு வாசலில் தொடங்குவோம். கிழக்குப் பார்த்த மனை என்றால் நம்மவர்கள் கூடுதல் லாட் பிரீமியம் தரவும் தயங்குவதில்லை. பில்டர்களுக்கும் இது தெரியும். ஆனால் கேரேஜ் தெருவைப் பார்த்திருக்கும் ஐம்பதடி மனைகளின் வரைபடத்தைப் பாருங்கள். தெருப்பக்கம் கேரேஜ், ஒரு சின்ன விருந்தினர் அறை, ஆபீஸ் அறை. ஃபேமிலி ரூம், சாப்பாட்டு மூலை, மாஸ்டர் பெட்ரூம், மூடிய பேட்டியோ எல்லாம் பின்பக்கம். பெரிய கண்ணாடிச் சன்னல்களும் அங்கேதான். வாசல் கிழக்கு என்றால் அந்தக் கண்ணாடிச் சுவர் மேற்கு. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டிவிடும். பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் வெயில் அதுவரை வீட்டின் நடுக்கூடத்துக்குள் வந்து நிற்கும். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் மாலையில் பின்கட்டில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்ற கனவு அக்டோபருக்குத் தள்ளிப்போகும்.

வாஸ்துவை நம்பாதவன் பேச்சு என்று இதை ஒதுக்க வேண்டாம், வாஸ்துப்படியே பார்ப்போம். சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். கிழக்கு வாசல் வீட்டில் தென்கிழக்கு மூலை தெருப்பக்கம் விழுகிறது. இந்த வரைபடங்களில் அங்கே இருப்பது கேரேஜோ ஆபீஸ் அறையோதான். அடுப்பு மேற்கே போய்விடும். நாம் ஏறெடுத்தும் பார்க்காத மேற்கு வாசல் வீட்டில் பின்பக்கம் கிழக்கு. வரைபடத்தை இடம் வலம் மாற்றிச் சரியாகத் திருப்பிக் கட்டினால் சமையலறை தென்கிழக்கிலேயே வந்து உட்காரும், மாலையில் பேட்டியோவிலும் வீட்டு நிழல் விழும். வாசலின் திசையை மட்டும் பார்த்துப் பிரீமியம் கட்டுகிறவர் வாஸ்துவில் ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்.

"மாடல் ஹோம் பார்த்தோம், அசந்துட்டோம்" என்பது அடுத்தது. அசத்தத்தானே அதைக் கட்டியிருக்கிறார்கள். விற்பனை அலுவலகமே பெரும்பாலும் அந்த வீட்டின் கேரேஜுக்குள் இருக்கும். இடம் பெரிதாகத் தெரிய உள்கதவுகள் சிலவற்றைக் கழற்றி வைத்திருப்பதும் உண்டு. நீங்கள் பார்ப்பது அடிப்படை விலை வீடு அல்ல. லாட் பிரீமியம், அறையைக் கூட்டுவது போன்ற கட்டமைப்பு மாற்றங்கள், டிசைன் சென்டரில் தேர்ந்தெடுக்கும் கல், தரை, விளக்கு எல்லாம் அதன் மேல் ஏறும். இதில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: பின்னால் மாற்ற முடியாததற்கு மட்டும் பில்டரிடம் பணம் கொடுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு முழுக் குளியலறை, சுவருக்குள் போகும் குழாய், கூடுதல் சன்னல், பேட்டியோ அகலம் ஆகியவை அந்த வகை. சரவிளக்கை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

சதுர அடிக் கணக்கும் இப்படித்தான். 3,600 சதுர அடி என்று அட்டையில் போட்டிருப்பது நம் வாழ்க்கைக்கு ஏற்ற 3,600 ஆகுமா என்று பாருங்கள். மீடியா ரூமும் கேம் ரூமும் மாடியில் ஆயிரம் அடியை விழுங்கியிருக்க, விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்குக் கீழே பத்துக்குப் பத்து அறை. அதன் குளியலறையோ விருந்தினருக்கும் பொதுவானது, உயரமான தடுப்பைத் தாண்டித் தொட்டிக்குள் இறங்கிக் குளிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் கூடம் படத்தில் அழகாக இருக்கும். குக்கர் விசில் முதல் மிக்சி வரை அத்தனை சத்தமும் அதன் வழியாக மாடிப் படுக்கையறைக்கு ஏறும்.

சமையலறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். தகட்டுக் குழாய் ஒன்று அதற்குள் மேலே ஏறினால் புகை வெளியே போகிறது. குழாய் இல்லாமல் மைக்ரோவேவுக்கு மேலே வெறும் பலகை தெரிந்தால், அந்த விசிறி காற்றை ஒரு வடிகட்டியில் ஓட்டி உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கட்டட விதி இதை அனுமதிக்கிறது. வத்தக்குழம்புக்குத் தாளிக்கிற குடும்பம் ஏன் அனுமதிக்க வேண்டும்? திறந்த சமையலறையை ஒட்டிய சோபாவில் மீன் வறுத்த வாசனை வாரக்கணக்கில் குடியிருக்கும். இப்போது சில பில்டர்கள் நம்மவர்களை மனதில் வைத்துக் கதவோடு கூடிய இரண்டாவது சமையலறையைத் தருகிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் அதிலும் வெளியே போகும் குழாய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு. பூஜை அறையைப் படிக்கட்டுக்கு அடியில் காட்டினால், தலைக்கு மேல் மாடிக் குளியலறைக் கழிவுக்குழாய் போகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

"புது வீட்டுக்கு எதுக்கு இன்ஸ்பெக்‌ஷன்? வாரண்டி இருக்கே" என்பவருக்குப் பதில் மண்ணில் இருக்கிறது. வடக்கு டெக்சஸின் பிளாக்லேண்ட் மண்ணும் நம் கோவில்பட்டிக் கரிசலும் ஒரே இனத்தவை. மழையில் ஊதும், கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல்தான் இங்கே லட்சக்கணக்கான வீடுகள் ஒற்றைக் கான்கிரீட் பலகையில் நிற்கின்றன. அந்தப் பலகைக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பதால்தான் கேரேஜ் தரையில் 'அறுக்காதே, துளையிடாதே' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். வீட்டின் ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் வறட்சியுமாக இருந்தால் பலகை வளையும். கதவு மாட்டும், செங்கலில் படிக்கட்டுப் போல விரிசல் ஏறும். அதனால்தான் ஆகஸ்ட்டில் இங்கே அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், இரண்டாவது கோடை வரை.

முதல் பத்தடி தூரத்துக்குள் ஆறு அங்குலமாவது நிலம் வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது பொது விதி. இரண்டு வீட்டுக்கு நடுவே பத்தடிச் சந்து மட்டும் இருக்கும் மனைகளில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை மழை நாளில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நகர ஆய்வாளர் குறைந்தபட்ச விதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பில்டர்களுக்கு மாநில உரிமம் எதுவும் டெக்சஸில் கிடையாது. வீட்டுக் கட்டுமானத்தைக் கவனிக்க 2003-ல் உருவாக்கிய மாநில ஆணையத்தையும் சட்டமன்றம் 2009-ல் நீட்டிக்காமல் கைவிட்டது. 2023-ல் இன்னொன்று நடந்தது: வேலைத்தரத்துக்கு ஓராண்டு, குழாய் மின்சாரம் ஏசிக்கு இரண்டாண்டு, முக்கியக் கட்டமைப்புக்கு ஆறாண்டு என்று எழுத்தில் வாரண்டி தரும் பில்டர் மேல் வழக்குப் போடுவதற்கான இறுதிக் கெடு பத்து ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்தது. கரிசல் மண் வேலை காட்ட ஆறேழு ஆண்டு ஆகலாம். அந்த வாரண்டியிலும் கட்டமைப்பு என்பதற்கு இறுக்கமான விளக்கம் எழுதியிருப்பார்கள். சுவர்ப்பூச்சு விரிசல் அதில் வராது. தகராறு வந்தால் நீதிமன்றம் கிடையாது, நடுவர் தீர்ப்புதான் என்ற ஷரத்தும் பெரும்பாலும் பில்டர் ஒப்பந்தத்தில் இருக்கும்.

ஆகவே உரிமம் பெற்ற உங்கள் சொந்த இன்ஸ்பெக்டர் கான்கிரீட் ஊற்றும் முன், சுவர்ப்பலகை மூடும் முன், குளோசிங்குக்கு (பத்திரம் கைமாறுவதற்கு) முன் என்று வந்து பார்க்கட்டும். ஓராண்டு வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது இன்னொரு முறை. இந்த ஆய்வுகளுக்கு இடம் உண்டு என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் முழுவதும் பரணிலும் வெளிச்சுவரிலும் போன குழாய்கள் வெடித்தன. சுவர் மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதாவது தெரியும்.

"டெக்சஸில் வருமான வரியே இல்லையே!" மாநில வருமான வரி இல்லை, சரி. அதை வீட்டு வரியில் எடுத்துக்கொள்கிறார்கள். ஃபிரிஸ்கோவில் நகரம், கவுண்டி, பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்ந்து மதிப்பில் ஏறத்தாழ 1.7 சதவீதம். புது வீட்டில் இதற்குள் ஒரு பொறி உண்டு. வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அன்றைக்கு வெறும் மனையாகக் கிடந்தால் அந்த ஆண்டு வரி மனைக்கு மட்டும்தான். எட்டு லட்சம் டாலர் வீட்டில் மனை மதிப்பு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டு 3,400 டாலர். அடுத்த ஆண்டு விலக்குகள் போகவும் 11,000-க்கு மேல். கடன் நிறுவனம் முதல் ஆண்டு கணக்கை வைத்து எஸ்க்ரோ (வரிக்கென்று தவணையோடு சேர்த்து வாங்கும் தொகை) பிடித்திருந்தால், பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் எகிறும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு இங்கே கைகொடுக்காது. விலக்கு கிடைத்ததற்கு அடுத்த ஆண்டில்தான் அது தொடங்கும். 2025 நவம்பரில் பள்ளி வரி விலக்கு 1,40,000 டாலராக உயர்ந்தது ஓரளவு ஆறுதல். ஃபிரிஸ்கோ விலை கட்டுப்படியாகாமல் வடக்கே செலினாவுக்கோ 380 நெடுஞ்சாலைப் பக்கமோ போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே பல குடியிருப்புகளில் சாலை, சாக்கடைச் செலவுக்கென்று மட் (MUD) அல்லது பிட் (PID) எனும் தனி வரி வட்டங்கள் உண்டு. வீடு மலிவாக இருப்பதன் காரணம் சில சமயம் அந்த வரிச் சீட்டில் இருக்கும்.

பள்ளி விஷயத்தில் ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். ஃபிரிஸ்கோ நகர எல்லைக்குள்ளேயே ப்ராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் பள்ளி மாவட்டங்களின் துண்டுகள் உண்டு. பிளேனோ, மெக்கின்னி முகவரியில் இருந்துகொண்டே பிள்ளையை ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. பள்ளி மாவட்டத்துக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. ஆண்டாண்டாகப் பள்ளி திறந்துகொண்டே இருந்த அந்த மாவட்டத்தில் இப்போது மாணவர் எண்ணிக்கை இறங்குமுகம். ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை 2024–25 கல்வியாண்டோடு மூடிவிட்டார்கள். பள்ளிகளைச் சிறிதாக வைத்திருப்பது அவர்கள் கொள்கை என்பதால் எல்லைக்கோடு நகர்வதும் வழக்கம். இந்தப் பள்ளிக்காக இந்த வீடு என்று வாங்குகிறவருக்குக் கோடு அப்படியே நிற்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

மாஸ்டர் பிளான்ட் கம்யூனிட்டி என்றால் எல்லாம் திட்டமிட்டது என்ற நம்பிக்கைக்கு அந்தக் குடியிருப்பின் வேலிதான் எல்லை. வேலிக்கு வெளியே வேறொருவர் திட்டம். 2023-ல் யுனிவர்சல் நிறுவனம் குழந்தைகளுக்கான பொழுதுபோக்குப் பூங்காவை ஃபிரிஸ்கோவில் கட்டப்போவதாக அறிவித்தபோது பக்கத்திலிருந்த காப் ஹில் குடியிருப்புக்காரர்கள் போக்குவரத்தையும் சத்தத்தையும் சொல்லி எதிர்த்தார்கள். நகர மன்றம் அனுமதி கொடுத்தது. நிலத்துக்கு வருங்காலம் மட்டுமல்ல, கடந்த காலமும் உண்டு. இதே ஊரின் நடுவே எக்ஸைட் நிறுவனத்தின் பேட்டரி உருக்காலை 2012 நவம்பர் வரை இயங்கியது. ஈயக் கழிவைத் துப்புரவாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்வேலிக்கு அப்பால் பச்சையாகத் தெரியும் காலி நிலம் எந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது என்பதை நகராட்சி வரைபடத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. எச்.ஓ.ஏ. எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிப்புத்தகத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவதைத் தடுக்க டெக்சஸ் சட்டம் விடாது. மற்றபடி சுவர் நிறம் முதல் குப்பைத்தொட்டி வரை அவர்கள் சொன்னதுதான்.

கடைசியாக, "ஃபிரிஸ்கோ விலை இறங்கவே இறங்காது." 2022 நடுவில் உச்சத்தைத் தொட்ட டாலஸ் வட்டார விலை, மூன்று சதவீதத்தில் கிடந்த வீட்டுக்கடன் வட்டி ஏழுக்கு ஏறியதும் இறங்கத்தான் செய்தது. பில்டர்கள் அறிவிப்புப் பலகையில் விலையைக் குறைப்பதை விரும்புவதில்லை. தங்கள் கடன் நிறுவனத்தில் வட்டிக் குறைப்பு, குளோசிங் செலவு என்று வேறு வழியாகக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டில் நீங்கள் விற்க நேர்ந்தால், அதே தெருவில் புத்தம்புது வீட்டை அந்தச் சலுகையோடு விற்கும் உங்கள் பில்டரோடுதான் போட்டி போட வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் கையில் இருப்பது அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். விற்பனை அலுவலகச் சுவரில் தொங்கும் மனை வரைபடத்தில் 'விற்றாயிற்று' குறி இல்லாத லாட்டுகளை எண்ணுங்கள். அடுத்த ஃபேஸில் இன்னும் எத்தனை வரும் என்றும் கேளுங்கள். அது நூற்றுக்கணக்கில் இருந்து, மூன்றாண்டுக்குள் ஊர் மாறும் வாய்ப்பும் உங்களுக்கு இருந்தால், கிழக்கோ மேற்கோ, இப்போதைக்கு வாடகை வீடே மேல்.