தனி ஆள் விசில்

2023 அக்டோபர் 28, பாரிஸ். ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு நடுவர் வெய்ன் பார்ன்ஸ் காட்டியது மஞ்சள் அட்டை. திடலுக்கு வெளியே திரைமுன் இருந்த அதிகாரி அதைச் சிவப்பாக்கினார். 11-12 என்று தோற்றது நியூசிலாந்து.

வார இறுதி கிளப் ஆட்டத்துக்கும் சட்டப் புத்தகம் அதேதான். திரைதான் கிடையாது. கோட்டோரம் கொடி பிடிப்பவர் ஆடும் கிளப்பின் ஆள்; பந்து வெளியே போனதைச் சொல்லலாம், முரட்டாட்டத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது.

சிக்கல் 'ஸ்க்ரம்'மில். எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தோள்முட்டித் தள்ளும்போது முன்வரிசை 'ப்ராப்'பின் கழுத்துக்குத்தான் ஆபத்து. சர்வதேச அணியின் 8 மாற்று ஆட்டக்காரர்களில் 3 பேர் முன்வரிசைக்காரர்கள். கிளப்பில் ப்ராப் நொண்டினால் பதிலுக்கு ஆளிருக்காது. நிஜ நொண்டலா, தோற்கும் அணியின் தந்திரமா? எதுவானாலும் நடுவர் தள்ளாத ஸ்க்ரம்முக்குத்தான் உத்தரவிடுவார்.