“ஓடுகிறது” என்றால் போதுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கணிப்பொறி பயிலும் நமக்கு அது இன்றும் பொருந்துகிறது. நிரல் ஒன்றை எழுதி, விடை திரையில் வந்ததும் ரெக்கார்டு நோட்டில் படியெடுத்து, ஆசிரியரின் கையொப்பம் பெற்றுவிட்டால் நம் கடமை முடிந்தது! அந்த நிரல் பிறர் கணிப்பொறியில் ஓடுமா, நள்ளிரவில் நின்றுபோனால் யார் எழுப்புவது என்றெல்லாம் நாம் எண்ணுவதில்லை. குபர்நெட்டீஸோடு மல்லுக்கு நிற்கும் வரை நானும் எண்ணியதில்லை.

அஃது என்ன என்று கேட்கும் பிற துறை நண்பர்களுக்காகச் சில வரிகள். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான துணைப் பொருள்களையும் ஒன்றாகக் கட்டி வைப்பது கன்டெய்னர் முறை. 2013இல் வெளிவந்த டாக்கர் இதனை எளிதாக்கியது. பல கணிப்பொறிகள் சேர்ந்த கூட்டத்தைக் கிளஸ்டர் என்கிறோம். அதில் எந்தக் கன்டெய்னரை எங்கே ஏற்றுவது, விழுந்ததை எப்படி நிறுத்துவது என்று மேற்பார்ப்பதற்காக கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்டதுதான் குபர்நெட்டீஸ். சுக்கான் பிடிப்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மினிக்யூப் என்னும் மென்பொருள் இருந்தால் ஒரே மடிக்கணினியில் சிறு கிளஸ்டரை அமைத்துப் பழகலாம்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பாடத்தில் இருந்த வரிகளை அப்படியே தட்டினேன். ஐந்தே நிமிடத்தில் ‘ரன்னிங்’ என்று வந்தது. அருகிலிருந்த நண்பன், “இதில் நீ என்னடா செய்தாய்?” என்றான். என்னிடம் விடை இல்லை.

ரோஷம் வந்துவிட்டது. நூலகப் புத்தகப் பட்டியலைக் காட்டும் நாற்பது வரிப் பைதான் நிரல் ஒன்றை நானே எழுதி, டாக்கர் இமேஜாக மாற்றி, மூன்று படிகள் ஓடவேண்டும் என்று யாம்ல் கோப்பில் குறித்துக் கொடுத்தேன். வந்ததோ ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’! இரண்டு நாள் அதே சொல். அழித்தேன், மறுபடி நிறுவினேன், கணிப்பொறியைத் திட்டினேன். ‘டிஸ்கிரைப்’ கட்டளை தந்த நீண்ட அறிக்கையின் கடைசி வரிகளைப் படிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. படித்தபோதுதான் தெரிந்தது: என் கணிப்பொறியில் மட்டும் இருந்த இமேஜை அது இணையத்தின் பொதுக் கிடங்கில் தேடிக்கொண்டிருந்தது. மினிக்யூப் தனி வீடு. என் அலமாரி அதன் கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று பெயர்க்குறி இட்டிருந்தேன். அப்படி இட்டால் ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் கேட்பது அதன் வழக்கம். 1.0 என்று குறி மாற்றி, இமேஜை மினிக்யூபின் உள்ளே ஏற்றினேன். மூன்றும் ‘ரன்னிங்’.

ஆனால் பிரௌசரில் பக்கம் வரவில்லை! என் நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காது கொடுத்திருந்தது. அஃதாவது தன் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டும் பதில் சொல்லும். வாசலில் நின்று கூப்பிட்டால் கேளாது. 0.0.0.0 என்று மாற்றியதும் பட்டியல் வந்தது. ‘ரன்னிங்’ என்றால் நிரலுக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள் என்பதை அன்றுதான் கற்றேன். பதில் சொல்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்க ‘ரெடினெஸ் புரோப்’ என்று ஒன்றை நாம்தான் தனியே எழுதித் தரவேண்டும்.

பிறகு, மூன்றில் ஒன்றை வேண்டுமென்றே அழித்தேன். சில நொடிகளில் புதுப் பெயருடன் இன்னொன்று எழுந்து நின்றது. மூன்று வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன் அல்லவா? எழுதியதும் இருப்பதும் ஒத்திருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நாற்பது வரி நிரலுக்கு இது மலையைக் கெல்லி எலி பிடிக்கும் வேலை அல்லவா என்பார்கள். உண்மைதான். அந்தப் பட்டியலுக்கு ஒரு சாதாரணக் கணிப்பொறியே போதும். குபர்நெட்டீஸ் தேவை என்று நான் வாதிடமாட்டேன். எளிய நிரலாயிருந்ததால்தான் பிழை எங்கே என்று என்னால் தேட முடிந்தது. பெரிய நிரலாயிருந்தால் தொலைந்திருப்பேன்.

படியெடுத்துத் தட்டினாலும் பழக்கம் வருமே என்பாரோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அப்படித் தட்டி ‘ரன்னிங்’ பெற்ற நாளில் நான் கற்றது ஒன்றுமில்லை. ஆகவே செய்முறைத் தேர்வில் சரியான விடைக்கு மதிப்பெண் தருவது போல, பிழையுள்ள யாம்ல் கோப்பைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லியும் மதிப்பெண் தரலாம் என்பது என் கருத்து. சர்வீஸ் தேடும் லேபிளில் ஓர் எழுத்தை மாற்றி வைத்தாலே போதும். மூன்றும் ‘ரன்னிங்’ என்றே காட்டும், பிழைச் செய்தி எதுவும் வராது, பக்கம் மட்டும் திறக்காது. எண்ட்பாயிண்ட் பட்டியல் காலியாயிருப்பதை அரைமணியில் கண்டுபிடிக்கும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்; ரெக்கார்டு நோட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.