பெயர்களை மறைப்பது யாரைக் காக்க?

1994 டிசம்பர் 2 அன்று, ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில், அரசாங்கப் பதிவேடுகள் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. உள்ளூர்ப் பொதுப்பணிகளுக்கான வருகைப் பதிவேடும், செலவுக்கான பற்றுச்சீட்டுகளுமே அவை. அதற்குமுன் இவற்றைக் காட்டும்படி கேட்ட கூலித் தொழிலாளர்களுக்குக் கிடைத்த பதில், அவை அரசாங்க ரகசியம் என்பதுதான். மண் சுமந்தவர் பெயரில் எத்தனை நாள் கூலி எழுதப்பட்டது என்பது, அந்த மண்ணைச் சுமந்தவருக்கே தெரியக்கூடாத ரகசியமாம்!

மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு நடத்திய அந்த மக்கள் விசாரணையும், அடுத்தடுத்த ஊர்களில் தொடர்ந்த விசாரணைகளும் வெளிக்கொணர்ந்தவை இன்று எல்லோரும் அறிந்தவையே. இறந்தவர் பெயரில் கூலி, பிழைப்புத் தேடி வெளியூர் போனவர் பெயரில் கூலி, பாதியில் நின்ற கட்டடத்திற்கு முழுத்தொகை. இந்தத் திருட்டைப் பிடித்தது எது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எந்தக் கணக்குத் தணிக்கையாளரும் அல்லர், பெயர்தான் பிடித்தது. பட்டியலில் ஒரு பெயர் படிக்கப்பட்டதும், அந்தப் பெயருக்குரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து, தான் அந்தப் பணித்தளத்தை மிதித்ததே இல்லை என்றார். மொத்தம் இத்தனை பேர், இத்தனை ரூபாய் என்ற தொகையை மட்டும் படித்திருந்தால் எவராலும் எழுந்திருக்க முடியாது.

1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 2004இல் இடதுசாரிகளின் வெளி ஆதரவோடு அமைந்த அரசு, அந்த ஆண்டு டிசம்பரில் கொண்டுவந்த மசோதா ஒன்றிய அரசு அலுவலகங்களை மட்டுமே தொட்டது. மாநில அரசையும் ஊராட்சியையும் விட்டுவிட்ட தகவல் உரிமை கிராமத்து ஏழைக்கு எதற்கு? எதிர்ப்பு எழுந்தது, மசோதா திருத்தப்பட்டது, 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. (இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. ஆனால் அதில் உரிமையைவிட விதிவிலக்குகளே அதிகம் என்பதால் அது மக்கள் கைக்கு வந்து சேரவில்லை.)

அந்த உரிமையின் நடுத்தூணைத்தான் மோடி அரசு இப்போது உருவியிருக்கிறது. 2023 ஆகஸ்டில், மணிப்பூர் குறித்த எதிர்க்கட்சிகளின் போராட்டத்திற்கு நடுவே, முறையான விவாதமின்றி நிறைவேற்றப்பட்டது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 44(3)ஆம் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் கொண்டுவரப்பட்டுவிட்டது.

பழைய பிரிவு என்ன சொன்னது? பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்றது. பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரவேண்டும் என்றது. நாடாளுமன்றத்திற்கோ சட்டமன்றத்திற்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்ற பொருள்படும் ஒரு வரியும் இருந்தது. கூலித் தொழிலாளியை நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சமமாக நிறுத்திய வரி அது. இவை அனைத்தும் வெட்டப்பட்டு, தனிப்பட்ட தகவல் எனில் மறுக்கலாம் என்ற ஒற்றை விதிவிலக்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பெயர் தனிப்பட்ட தகவல், கையெழுத்தும் அப்படியே. ஒப்பந்ததாரரின் பெயர், பணியை அளந்து சான்றளித்த பொறியாளரின் பெயர், ரேஷன் கடையில் பொருள் வாங்கியதாகப் பதிவாகியிருப்பவரின் பெயர், வீட்டுவசதித் திட்டப் பயனாளியின் பெயர் எல்லாமே இனி அந்த விதிவிலக்குக்குள் தள்ளப்படலாம். பெயரற்ற பட்டியலோடு கோட் கிரானாவில் என்ன செய்திருக்க முடியும்?

8(2)ஆம் பிரிவு அப்படியே இருக்கிறதே, பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாமே என்று அரசுத் தரப்பு வாதிடுகிறது. தரலாம்! தரவேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. மறைக்க விரும்பும் அலுவலகமே பொதுநலனையும் எடைபோடும். தகவல் கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை என்று 6(2)ஆம் பிரிவு தந்த பாதுகாப்பு, இதன்மூலம் பின்வாசல் வழியாகப் பறிபோகிறது. இன்னொரு முரணும் உண்டு. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரங்களையும் எவரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. இனி எந்த அலுவலரும் எந்தப் பிரிவைக் காட்டுவார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அந்தரங்கம் யாருடையது?

அந்தரங்க உரிமையை இடதுசாரிகள் எதிர்ப்பதாக ஒரு பிரச்சாரம் நடக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அதை மறுத்து வாதாடியது யார்? இதே ஒன்றிய அரசுதான். ஆதாருக்காக அன்று அந்தரங்கத்தை மறுத்தவர்கள், அலமாரியைப் பூட்டுவதற்காக இன்று அந்தரங்கத்தின் காவலர்களாகியிருக்கிறார்கள்.

அதே 2017இல், ஒன்றிய, மாநில அரசுத் துறைகளின் சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் ஆதார் எண்களைப் பகிரங்கமாகக் காட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஜார்க்கண்டில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரின் ஆதார் எண்கள் அப்படி வெளியாகின. இதற்காக எந்த உயரதிகாரி தண்டிக்கப்பட்டார்? சமூகத் தணிக்கைக்கு ஆதார் எண் தேவையில்லை; நோயோ வங்கிக் கணக்கு எண்ணோ தேவையில்லை. பெயர், நாள், தொகை, சான்றளித்தவர் யார் என்ற நான்கு விவரங்கள் போதும். மறைக்க வேண்டியவை இவை, காட்ட வேண்டியவை இவை என்று பிரித்து எழுதுவது கடினமன்று. நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான நிபுணர் குழு, அந்தரங்கச் சட்டம் தகவல் உரிமையைச் சுருக்கக்கூடாது என்று 2012இலேயே கூறிவிட்டது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் முன்வைத்த திருத்தம்கூட, வெளியிடுவதால் விளையும் தீங்கையும் பொதுநலனையும் எடைபோடச் சொன்னதே தவிர, இப்படி வாசலை அடைக்கச் சொல்லவில்லை. நீதிமன்றமும் இதில் முற்றிலும் குற்றமற்றதன்று. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையும் அவரது சொத்து விவரமும் தனிப்பட்ட தகவலே என்று 2012இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தப் பாதையை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தது.

கைப்பேசிக்குள் போன பதிவேடு

எல்லாமே இணையத்தில் இருக்கின்றனவே, எவரும் பார்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய கிராமப்புறப் பெண்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உழைத்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அத்திட்டத்தின் வருகைப் பதிவேடு பணித்தளத்திலேயே காகிதமாக இருந்தது. வந்தவர் கையெழுத்தோ கைநாட்டோ இட்டார்; பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்தார். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும், கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுவது கட்டாயமானது. முறைகேட்டை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். பணிக்குத் தொடர்பில்லாத படங்கள், படத்தையே மீண்டும் படம் எடுத்து ஏற்றுதல் என்று அதே செயலியில் நடக்கும் மோசடிகளை 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் சுற்றறிக்கையே பட்டியலிட்டது. தொழிலாளி கையிலிருந்த சாட்சி போனது. திருடன் கையில் கருவி சேர்ந்தது. சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்தில் நாள் முழுவதும் உழைத்தவரின் வருகை பதிவாகாமற்போனால், அவர் எந்தக் காகிதத்தைக் காட்டி நியாயம் கேட்பார்?

பெயர் நீக்கம் இதைவிடக் கொடியது. 2022-23இல் மட்டும் அத்திட்டத்திலிருந்து சுமார் 5.18 கோடித் தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டில் நீக்கப்பட்டவை 1.49 கோடி. போலி அட்டை, இரட்டைப் பதிவு, வேலை செய்ய விருப்பமில்லை, குடும்பம் இடம்பெயர்ந்தது, இறப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. வேலை செய்ய விருப்பமில்லை என்று யார் எழுதிக்கொடுத்தார்? இறந்ததாகச் சொல்லப்படுபவர் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரா? பெயர்ப் பட்டியலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிய காரணமும் கிராம சபையில் படிக்கப்பட்டாலன்றி இதை அறிய வழியில்லை. அந்தப் பட்டியல் இனி தனிப்பட்ட தகவல். இதற்கிடையில், 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தையே அகற்றிவிட்டு, செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் கட்டும் புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் நிறைவேற்றினார்கள். பழைய பதிவேடுகளில் உறங்கும் கூலிப் பாக்கிக்கும் நீக்கப்பட்ட பெயர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

ஆதிவாசிகளின் நிலையும் இதுவே. வன உரிமைச் சட்டத்தின் விதிகள், வன வரைபடங்களையும் வருவாய் வரைபடங்களையும் கோட்ட அளவிலான குழுவே கிராம சபைக்குத் தரவேண்டும் என்கின்றன. வரைபடத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு, சான்று இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்வது பல மாநிலங்களில் வாடிக்கையாகிவிட்டது. அப்படித் தள்ளப்பட்ட மனுதாரர்களை வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் 28 அன்று அதை நிறுத்திவைத்தது.

பாஜகவை மட்டும் குறைகூறிவிட்டு நகர்வது நேர்மையாகாது. ஜார்க்கண்டில் மாநிலத் தகவல் ஆணையம் 2020 மே முதல் ஆண்டுக்கணக்கில் ஆணையர்களே இன்றிச் செயலற்றுக் கிடந்தபோது அங்கே ஆட்சியில் இருந்தது பாஜக அன்று. ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்ட 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றிய அரசின் தனிப்பெருமை என்றாலும், நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் கலையில் மாநில ஆட்சிகளும் தேர்ந்தவையே. அதே ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில்தான், வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கு உழைத்துக்கொண்டிருந்த லலித் மேத்தா 2008 மே மாதம் கொலையுண்டார். முறைகேட்டை வெளியிடுவோரைக் காக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டமோ, இயற்றப்பட்டதோடு சரி. நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். பதிவேட்டை மறைத்ததற்கு அலுவலருக்கு அதிகபட்ச அபராதம் 25,000 ரூபாய்.

வேறு வழி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடர்ந்து, ஊராட்சிச் சட்டத்திலேயே தகவல் உரிமைக்கென்று ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஒன்றியச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில், மக்கள் அமைப்புகளின் நெருக்குதலால் தொடங்கிய ஜன் சூச்னா தளம், எவரும் மனுப்போடாமலே பல துறைகளின் தகவல்களை ஊராட்சி வாரியாகக் காட்டியது. தளம் மட்டும் போதாது, சுவரிலும் எழுத வேண்டும், கூட்டத்தில் படிக்கவும் வேண்டும் என்ற கோரிக்கையையும் அந்த அமைப்புகளே சேர்த்து எழுப்பின. உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் மக்களைச் சென்றடையும் வழியையும் கருதித் தகவல் பரப்பப்பட வேண்டும் என்று 4(4)ஆம் பிரிவும் சொல்கிறது.

44(3) நீக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை தலைநகரின் கருத்தரங்குகளோடு நிற்குமானால் வெற்றிபெறாது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் விவசாயிகள் சங்கக் கிளைகளும் ஊராட்சி அலுவலகத்திலேயே அதைத் தொடங்க முடியும். பதிவேட்டையும் பணியையும் நேரில் ஆய்வுசெய்யவும், குறிப்பெடுக்கவும், நகல் பெறவும் 2(ஜே) பிரிவு தந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்றிய அரசின் விதிப்படி ஆய்வின் முதல் ஒரு மணி நேரத்திற்குக் கட்டணமில்லை. மாநில விதிகள் சற்று வேறுபடலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர் எக்கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. பெயர்ப் பட்டியல் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் பெற்று, முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 4ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டியே செய்ய வேண்டும். எந்த ஊரில், எந்தத் திட்டத்தின், எந்தப் பட்டியல், யாரால் மறுக்கப்பட்டது என்ற விவரத்தோடு அந்தக் கடிதங்கள் மாவட்டந்தோறும் திரட்டப்பட்டு, அடுத்த கிராம சபையில் படிக்கப்பட்டு, நாடாளுமன்றத்தில் உள்ள இடதுசாரி உறுப்பினர்களின் மேசைக்குச் சென்றாக வேண்டும்.