பொருந்திப்போதல் என்னும் போதனை

கல்விப் பரிமாற்றத்தின்பொருட்டு ஓராண்டைப் பிறநாட்டிற் கழிக்கப் புறப்படும் மாணாக்கருக்கு அறிவுரைக்குக் குறைவில்லை. புலமைப்பரிசில் வழங்குவோர் நடத்தும் அறிமுகக் கூட்டங்களிலும், கையேடுகளிலும், முன்னரே சென்று மீண்டோர் கூற்றுக்களிலும் ஒரே குரல் ஒலிக்கின்றது. சென்ற நாட்டுடன் பொருந்திப்போ. மனத்தைத் திறந்து வை. உன் நாட்டவருடன் ஒட்டிக்கொண்டிராதே. இடையிற் சில மாதங்கள் துன்பமாயிருக்கும், பின்னர் யாவும் சீராகும். இவ்வறிவுரையை முற்றாகப் பொய்யென ஒதுக்குதல் தகாது. ஆயின் அயல்நாட்டு வாழ்வின் இடர்கள் அனைத்தையும் மாணாக்கரின் மனநிலைக்குள் அடக்கிவிடும் அதன் போக்கு வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

இப்போதனைக்கு அறிவியல் ஆடையும் அணிவிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கத் தொழினுட்ப உதவிப் பணியில் பிரேசிலில் இருந்த மானிடவியலாளர் கலேர்வோ ஒபேர்க் 1954இல் ரியோ டி ஜனெய்ரோ நகரின் மகளிர் கழகமொன்றிலே உரை நிகழ்த்தியபோது, 'பண்பாட்டு அதிர்ச்சி' என்பதனை அயல்நாடு சென்று வாழ்வோரைப் பீடிக்கும் ஒருவகைத் தொழில்நோயாக விளக்கினார். தேனிலவில் தொடங்கிப் பொருந்துகையில் முடியும் படிகளையும் வகுத்தார். அடுத்த ஆண்டிலே நோர்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெரே லிஸ்காட், புல்பிரைட் உதவியுடன் அமெரிக்கா சென்று மீண்ட 200 நோர்வேயரை ஆராய்ந்தார். ஆறு மாதத்திற் குறைவாகத் தங்கியோரும் பதினெட்டு மாதத்துக்கு மேற்படத் தங்கியோரும் நன்கு பொருந்தினர் எனவும், இடைப்பட்ட காலம் தங்கியோரே இடர்ப்பட்டனர் எனவும் கண்டார். மேலிருந்து தாழ்ந்து மீண்டும் உயரும் அந்த வளைகோடு அன்றுதொட்டுக் கையேடுகளின் நிலையான சித்திரமாயிற்று.

தொழினுட்ப உதவிப் பணியின் நிழலில் ஒன்று, அமெரிக்க உதவிநிதியின் நிழலில் மற்றொன்று எனப் பிறந்த இக்கருத்துக்கள், ஆசிய நாடொன்றின் கீழ்நடுத்தரக் குடும்பத்திலிருந்து கடன்பட்டுப் புறப்படும் மாணாக்கருக்கும் அவ்வாறே பொருந்தும் எனக் கொண்டது எங்ஙனம்? 1998இல் கொலீன் வார்ட் முதலானோர், நியூசிலாந்துக்குச் சென்ற யப்பானிய மாணாக்கர் 35 பேரை வந்திறங்கிய வேளையிலும், பின்னர் நான்காம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் ஆராய்ந்தனர். உளத்துயர் மிகுந்திருந்தது வந்திறங்கிய வேளையிலேயே. தேனிலவு அங்கே காணப்படவில்லை. எனினும் வளைகோடு இன்றும் அச்சேறுகின்றது. முதல் வாரத்திலேயே உறக்கமின்றி அழும் மாணவி, கையேடு கூறிய தேனிலவு தனக்கு வாய்க்காமையைத் தன் குறையென்றே கருதுகிறாள்.

யப்பானை எடுத்துக்கொள்வோம். இலங்கை மாணாக்கர் பெரிதும் நாடும் நாடுகளுள் அது ஒன்று. 1983இல் நக்கசோனேயின் அரசு, ஏறத்தாழ பத்தாயிரமாக இருந்த அயல்நாட்டு மாணாக்கர் தொகையை இந்நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஓரிலட்சமாக்கத் திட்டமிட்டது; 2003இல் அவ்விலக்கு எட்டப்பட்டது. 2008இல் மூன்று இலட்சம் என்றனர். 2019இல் 312,214 பேர் அங்கிருந்தனர். 2023இல் வகுக்கப்பட்ட இலக்கு, 2033க்குள் நான்கு இலட்சம். தேயிலை ஏற்றுமதிக் கணக்குப்போல் தொகை பெருகுகின்றது. அதே நாடு 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றைக் காரணங்காட்டிப் புதிய மாணாக்கருக்கு நெடுங்காலம் வாயிலை மூடியிருந்ததையும், தெரிவு பெற்றோர் தத்தம் வீடுகளிலிருந்து கணினித் திரையை நோக்கியே பாடங்கேட்டதையும் அக்கணக்கு சொல்வதில்லை.

அங்கு செல்வோர் எதிர்கொள்ளும் இடர்கள் இருவகையின. ஒன்று வழக்கம் பற்றியது. வாயிலிற் பாதணியைக் கழற்றுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. கழிவறைக்கெனத் தனிச் செருப்பு இருத்தல் சிறிது புதிது. எரியும் குப்பை எந்த நாளில், எரியாக் குப்பை எந்த நாளில் என ஊருக்கூர் வேறுபடும் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்தல் வேண்டும். புகையிரதத்திலே தொலைபேசியில் உரையாடுதல் ஆகாது. சைவ உணவினர்க்குத்தான் சோதனை கடிது. மரக்கறி மட்டுமே மிதக்கும் சூப்பின் அடிநீர் உலர்த்திய சூரை மீனிலிருந்து வடித்தது. நம் மாசிக்கருவாட்டின் நெருங்கிய உறவு அது. சிலர் மூன்று மாதம் உண்ட பின்னரே அதனை அறிகின்றனர். எனினும் இவையனைத்தும் பழக்கத்தால் வருவன. கையேடுகள் பக்கம் பக்கமாக விரித்துரைப்பனவும் இவையே.

மற்றொருவகை இடர் விதி பற்றியது. வீடொன்றை வாடகைக்குப் பெறப் பிணையாளர் ஒருவர் வேண்டும். நேற்று வந்திறங்கியவருக்குப் பிணைநிற்பவர் யார்? வைப்புப் பணம் தவிர, வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என ஒரு தொகையையும் பல இடங்களிற் செலுத்தவேண்டும். அது திரும்பி வராது. அந்நாட்டு நீதி அமைச்சு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்திய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய அயல்நாட்டவருள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அயல்நாட்டவர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறினர். பகுதிநேர வேலைக்கு அனுமதி பெற்றோரும் பாடசாலைத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 28 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தலாகாது. மீறின் வதிவுரிமைக்கே ஆபத்து. இவற்றுள் எதனோடு மனத்தைத் திறந்துவைத்துப் பொருந்துவது? வீட்டுக்கதவு மூடப்பட்ட மாணாக்கர் தம் மனக்கதவைத் திறக்குமாறு போதிக்கப்படுவது கொடிய நகைச்சுவையாகும்.

பரிமாற்ற ஒப்பந்தங்களின்கீழ்ச் செல்வோர் பொதுவாகத் தாய்ப் பல்கலைக்கழகத்துக்குரிய கட்டணத்தை மட்டுமே செலுத்துவர். விருந்தளிக்கும் பல்கலைக்கழகம் கட்டணம் அறவிடாது. கட்டணம் இரு புறமும் சமம் என்பதனால் பரிமாற்றமும் சமம் என்பர். வாழ்க்கைச் செலவோ சமமன்று. 2022இல் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்தபோது, இலங்கையிலிருந்து பணம் பெற்ற மாணாக்கரின் சேமிப்பு அறையிலிருந்தபடியே கரைந்தது. இந்நிலையில் நள்ளிரவில் கடையொன்றிலே பொதி அடுக்கிவிட்டு மறுநாள் விரிவுரையில் உறங்குபவரைப் பண்பாட்டு அதிர்ச்சிக்கு ஆளானவரென்று எழுதிவைத்தல் எளிது.

சொந்த நாட்டவருடன் ஒட்டிக்கொண்டிராதே என்ற கட்டளையும் ஆராயத்தக்கது. ஸ்டீபன் பொக்னர் முதலானோர் 1977இல் அயல்நாட்டு மாணாக்கரின் நட்புவட்டங்களை ஆராய்ந்து, அவ்வட்டங்கள் வெவ்வேறு பணிகளை ஆற்றுவதைக் காட்டினர்: விருந்தளிக்கும் நாட்டவர் கல்வி, அலுவல் காரியங்களுக்கு, தம் நாட்டவர் தம் பண்பாட்டைப் பேணுதற்கு, பிறநாட்டு மாணாக்கர் பொழுதுபோக்குக்கு. ஒன்று மற்றொன்றின் பகையன்று. இலங்கையரின் சமையலறையிலேதான் எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பது தெரியவருகிறது. ஆங்கே தவறான செய்திகளும் பரவும். வதந்தியை நம்பி வேலைநேர வரம்பை மீறுவோரும் உளர். ஆயினும் அவ்வட்டத்தைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுவோர் அதன் பயனை அறியாதோர்.

அவ்வாறாயின் விருந்தினர் எதற்கும் வளையாது நிற்பதா என வினவலாம். அன்று. மொழியைக் கல்லாது ஓராண்டு இருந்து மீள்வோர், படத்திற் கண்ட நாட்டையே நேரிற் கண்டு மீள்கின்றனர். தமிழர்க்கு இதில் ஒரு வாய்ப்புமுண்டு. யப்பானிய வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கும். உருபு பெயருக்குப் பின் வரும். ஆங்கிலத்துக்காகச் சிந்தனையைத் தலைகீழாக்கியவர்கள் இங்கே அதனை நிமிர்த்தினாற் போதும். பொதுப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட 2,136 சீன வரிவடிவங்களுக்கு அத்தகைய குறுக்குவழி இல்லை. அவ்வுழைப்பை மாணாக்கரிடம் கேட்பது நியாயமே. விருந்தளிப்போரிடம் எதனையும் கேளாது விடுவதே அநியாயம்.

விருந்தளிப்போர் மாறமாட்டார் என்பதற்கு வரலாறு சான்றன்று. 1950இல் கொழும்பிலே கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிற் கருக்கொண்டு 1951இற் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆசிய மாணாக்கர் பலர் அவுஸ்திரேலியா சென்றனர். வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதை மறுத்த கொள்கை அப்போது அங்கே நிலவியது. அதன் இறுதி எச்சங்கள் 1973இலேயே அகற்றப்பட்டன. குடியேறலாகாது, ஆயின் பொருந்திப்போகவேண்டும் என்பதே அவர்க்கு விதிக்கப்பட்டது. அம்மாணாக்கரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒரே வகுப்பிற் படித்தும் பெற்ற பழக்கம் அந்நாட்டவரின் மனப்பாங்கை மாற்றியதிற் பங்குகொண்டது என வரலாற்றாசிரியர் கருதுவர். பொருந்தியவர் விருந்தினர் மட்டுமல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

யப்பானிலேயே வேறோர் எடுத்துக்காட்டுண்டு. மொழியியலாளர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் இணைந்து தமிழ்-யப்பானிய மொழி உறவை ஆராய்ந்தார். அவ்வுறவை மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அது வேறு விவாதம். இங்கே கருதத்தக்கது, யாழ்ப்பாணத்தவர் அறிந்த ஒன்றைக் கற்க ரோக்கியோப் பேராசிரியரும் மாணாக்கராக வேண்டியிருந்தது என்பதே. இளநிலை மாணாக்கர் எவரும் அந்த அளவில் எதனையும் கொண்டுசெல்லார் என்பது மெய். ஆயினும் அவர்தம் நாட்டையும் மொழியையும் பற்றி ஒரு வினாவேனும் எழுப்பாத வகுப்பறையில், அவர் இருக்கையை நிரப்பும் எண்ணிக்கை மட்டுமே.

இலங்கைப் பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்திற் குற்றமற்றன அல்ல. ஒப்பந்தம் கைச்சாத்தாகும் நாளிற் புகைப்படம் எடுப்பதில் உள்ள ஊக்கம், அதன் வாசகங்களை வாசிப்பதில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டு மாணாக்கருக்குப் பல்கலைக்கழகமே வீட்டுப் பிணைநிற்கும் ஏற்பாடு யப்பானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உண்டு. காப்புறுதி ஒன்றும் அதனோடு சேர்ந்தது. இருக்கும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாக எழுதுமாறு கேட்பதற்கு நிதி வேண்டுவதில்லை. அங்கு சித்தியடைந்த பாடங்களை இங்கு எவ்வாறு கணிப்பது என்பதனையும் மாணாக்கர் விமானம் ஏறுமுன் எழுத்தில் தீர்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் எழுதப்படாத ஒப்பந்தத்தின்கீழ் அடுத்த தொகுதியினரை அனுப்புவதற்கு மாணாக்கர் ஒன்றியங்கள் உடன்படலாகாது.