“எங்களிட்டைத் தாங்கோ”

2015 மே 20 அன்று யாழ்ப்பாணம் நீதிமன்றக் கட்டடத் தொகுதி கல்லெறிக்கு உள்ளானது. ஒரு கிழமைக்கு முன், மே 13 காலை, புங்குடுதீவு மகா வித்தியாலயத்துக்குப் புறப்பட்ட உயர்தர மாணவி வித்தியா வழியில் கடத்தப்பட்டு, கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருந்தார். குடாநாட்டில் கடைகள் பூட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு தெருவில் நின்றார்கள். அந்த நாட்களில் எழுந்த குரல்களில் ஒன்று இன்றும் ஓயவில்லை: “அவங்களை எங்களிட்டைத் தாங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்.”

பொலிஸ் எல்லாம் ஒரே கூட்டம், சட்டமா அதிபர் திணைக்களம் குற்றவாளியைக் காப்பாற்றவே இருக்கிறது, வழக்கு என்பது காலங்கடத்தும் வேலை, ஆகவே ஊரே தண்டனையைக் கொடுத்துவிட வேண்டும். தேநீர்க்கடையிலும் கோயில் வீதியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். படித்தவர்கள் இதையே மேடையில் சற்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையின் முதற்பாதியில் நியாயம் உண்டு. பிற்பாதி பொய். அந்தப் பொய்யால் ஆதாயம் அடைகிறவர்கள் நம் பிள்ளைகளைக் கொன்றவர்களே.

முதற்பாதியை நான் மறுக்கப் போவதில்லை. மகளைக் காணவில்லை என்று போனபோது, யாரோடும் ஓடிப்போயிருப்பாள், வருவாள் என்ற பதில்தான் பொலிஸிடம் கிடைத்தது என்று வித்தியாவின் குடும்பத்தார் சொன்னார்கள். இந்தப் பதிலைக் கேட்டவர்கள் இங்கே அந்தக் குடும்பம் மட்டுமல்ல. நம் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் முறைப்பாடு கொடுக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாங்கில் ஒரு மணித்தியாலம். பிறகு தமிழ் தெரிந்தவர் வெளியே போயிருக்கிறார் என்பார்கள். கடைசியில் நாம் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிப் புத்தகத்தைத் திருப்பி நம் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடு என்பார்கள். தாய் சொன்னது ஒன்று, அங்கே எழுதப்பட்டது என்ன என்று அவருக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் அவருடையது.

இதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. வித்தியா வழக்கில் ஊரார் பிடித்துக் கட்டிவைத்த சந்தேகநபர் சுவிஸ்குமார் பொலிஸாரின் கைக்குப் போன பிறகு தப்பினார். வெள்ளவத்தையில் பிடிபட்டபோதுதான் அவர் கொழும்பு வரை போய்விட்டது தெரிந்தது. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இரவில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். விபத்து என்று முதலில் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு தெரியவந்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்துப்போன இளைஞர் உயிரோடு வீடு திரும்பவில்லை. இதையெல்லாம் கண்ட சனத்திடம் போய்ப் பொலிஸை நம்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் “எங்களிட்டைத் தாங்கோ” என்று கேட்ட கூட்டத்துக்கு அன்று கேட்டது கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்த அந்த மே 20இல், பின்னர் குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரும் கைதாகியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்பதில் ஊருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. 2017 ஜூன் 28 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் விசாரணை தொடங்கியது. சசி மகேந்திரன் தலைமையில் அன்னலிங்கம் பிரேமசங்கரும் மாணிக்கவாசகர் இளஞ்செழியனும் அமர்ந்தார்கள். செப்டம்பர் 27இல் தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுதலை. விடுதலையானவர்களில் ஒருவர் முதலாம் எதிரி, ஆரம்பத்திலேயே கைதானவர், ஊர் முதலில் விரல் நீட்டிய ஆட்களில் ஒருவர். மற்றவர் ஏழாம் எதிரி. அந்த நீதிபதிகளின் நேர்மையில் இங்கே யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் தமிழர், இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள், அந்த நாட்களில் மக்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள். அவர்களே சாட்சியங்களை நிறுத்துப் பார்த்து, இந்த இரண்டு பேர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். மே 20இல் ஒன்பது பேரையும் கேட்டோம். தந்திருந்தால் இந்த இருவரையும் சேர்த்தே அடித்துக் கொன்றிருப்போம். அந்தத் தீர்ப்புக்கு எந்த நீதிமன்றத்தில் மேன்முறையீடு?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “அவங்கள் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமோ?” ஆயுத இயக்கங்களின் காலத்தில் பயம் இருந்தது, ஒழுக்கம் இருந்தது என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் பிறக்கவில்லை. எண்பதுகளில் இந்தக் குடாநாட்டின் சந்திகளில் விடிகாலையில் மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல்கள் கிடந்தன. கழுத்தில் மட்டையோ தாளோ தொங்கும். சமூகவிரோதி, துரோகி, கள்ளன் என்று கையால் எழுதியிருக்கும். எழுதியவர் யார், விசாரித்தவர் யார், சாட்சி சொன்னது யார், மறுப்புச் சொல்ல அந்த ஆளுக்கு வாய் இருந்ததா என்று எதுவும் அந்தத் தாளில் இராது. ஓர் இயக்கம் மட்டும் இதைச் செய்யவில்லை. வீதியில் போனவர்கள் “ஏதோ செய்திருப்பான்” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு “எங்களிட்டைத் தாங்கோ” என்பவர்கள் திரும்பக் கேட்பது அந்த மின்கம்பத்தைத்தான்.

பொலிஸை நம்பாத மனம் இன்னொரு விசித்திரத்தையும் செய்யும். சந்தேகநபரைப் பொலிஸே சுட்டுக்கொன்றால் கைதட்டும். ஹைதராபாத்தில் 2019இல் ஒரு கால்நடை மருத்துவரை வன்புணர்ந்து கொன்றதாகப் பிடிபட்ட நால்வரைப் பொலிஸார் டிசம்பர் 6 விடிகாலையில் சுட்டுக்கொன்றார்கள். மக்கள் பொலிஸார்மேல் பூத்தூவினார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணைக்குழு 2022இல் அறிக்கை தந்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், சுடப்பட்டவர்களில் மூவர் பராயமடையாதவர்கள் என்று அதில் இருந்தது. இலங்கையிலும் ஆயுதம் காட்டக் கூட்டிப்போன இடத்தில் சந்தேகநபர் சுடப்பட்டு இறந்தார் என்ற செய்தியை எத்தனை தரம் வாசித்திருக்கிறோம். முறைப்பாட்டை ஒழுங்காக எழுதத் தெரியாது என்று நாம் திட்டுகிற அதே கைக்குத் தூக்குக் கயிற்றையும் கொடுப்பது எந்த அறிவு?

செத்த சந்தேகநபர் வாய் திறக்க மாட்டார். செம்மணியை நினைத்துப் பாருங்கள். 1996இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியையும், தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்ற வழக்கில் 1998இல் கொழும்பில் இராணுவத்தினர் தண்டிக்கப்பட்டார்கள். அப்போது தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச நீதிமன்றத்தில் சொன்னதால்தான் செம்மணிப் புதைகுழி வெளியே வந்தது. 1999இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணிப் பக்கத்துச் சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது, அந்தப் பழைய வாக்குமூலத்தையே எல்லோரும் திரும்ப எடுத்தார்கள். கைதான அன்றே அந்த ஆளைக் கூட்டம் அடித்துக் கொன்றிருந்தால் செம்மணி இன்றும் வெறும் உப்புவெளி.

வித்தியா வழக்கு எப்படி வென்றது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். சந்தேகநபராக இருந்த ஒருவர் அரச சாட்சியாக மாறினார். அப்படி ஒருவரை எடுப்பதற்குச் சட்டமா அதிபர் மன்னிப்பு வழங்க வேண்டும். கேள்விப்பட்டதும் “பேரம் பேசிவிட்டார்கள்” என்று ஊர் சொல்லும். அந்தப் பேரம்தான் உள்ளே நடந்ததைக் கூண்டுக்குக் கொண்டுவந்தது. தீவகத்துச் சாதாரண சனம் பயந்து பயந்து வந்து, கண்டதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நிசாந்த சில்வா, இந்த வழக்கில் தன்னிடம் 2 கோடி ரூபா பேரம் பேசப்பட்டதாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருந்த 2017 ஜூலை 22இல் நல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர அதில் உயிர்விட்டார்.

நிசாந்த சில்வாவுக்குப் பிறகு என்ன நடந்தது? கடற்படையினர் மீதான 11 இளைஞர் கடத்தல் வழக்கையும் விசாரித்தவர் அவரே. 2019 நவம்பரில் ஆட்சி மாறிய கையோடு குடும்பத்தோடு சுவிற்சர்லாந்துக்குப் போய்விட்டார். காணாமல்போன நம் பிள்ளைகளின் கோப்புகளை அறிந்த ஒரு புலனாய்வாளர் நாட்டைவிட்டே போனபோது, இந்தக் குடாநாட்டில் ஒரு ஹர்த்தால் நடந்ததா? ஒரு கண்டனக் கூட்டம்? பொலிஸ் எல்லாம் ஒன்று என்று மனதில் வைத்திருந்தோம். அதனால் எதை இழந்தோம் என்பதே தெரியவில்லை. நல்ல அதிகாரியையும் கெட்ட அதிகாரியையும் ஒரே பட்டியலில் போடுவதில் கெட்டவருக்குத்தான் இலாபம். தன் பெயர் தனியாக வராதல்லவா?

பெயர் தனியாக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே வழக்கில் சான்று இருக்கிறது. சுவிஸ்குமார் தப்ப உதவியதாக அன்று வடமாகாணத்துக்குப் பொறுப்பாயிருந்த சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் லலித் ஜயசிங்க 2017 ஜூலையில் கைதானார். பிடித்தது குற்றப் புலனாய்வுத் திணைக்களம், அதாவது பொலிஸ். 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. பத்து ஆண்டு எடுத்தது அநியாயம். ஆனால் வடக்கில் அவ்வளவு உயரத்தில் இருந்த ஓர் அதிகாரியைச் சிறைக்கு அனுப்பியது கல் இல்லை. யார் எப்போது எங்கே யாரோடு என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாக எழுதிய கோப்பு அதைச் செய்தது. கல்லெறிந்ததாகப் பிடிபட்ட 130 பேரளவிலான இளைஞர்களுக்கோ கிடைத்தது விளக்கமறியலும் நீதிமன்ற வாசலும்தான்.

சட்டமா அதிபர் திணைக்களத்தைப் பற்றி என் கோபம் குறைவு என்று எண்ண வேண்டாம். குமாரபுரம் படுகொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் 2016இல் அநுராதபுரத்தில் யூரிகள் முன் விடுதலையானார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கும் கொழும்பில் அப்படியே முடிந்தது. அரசுக்காக வாதாடுகிற அதே அலுவலகம் அரச படையினர்மேல் குற்றம் சுமத்துவதா என்ற கேள்வி நியாயமானது. தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்பதை ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் கேட்க வேண்டும். மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு 8 பேரைக் கொன்ற இராணுவச் சிப்பாய்க்கு 2015இல் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, 2019இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்பு வழங்கினார். அந்த நீதியைப் பறித்த கையெழுத்து யாருடையது என்று தெளிவாகத் தெரியும். தப்பிவந்து சாட்சி சொன்னவரையும் விசாரித்தவரையும் தீர்ப்பெழுதியவரையும் அந்தக் கையெழுத்தோடு சேர்த்து ஒரே வாயால் திட்டினால், மன்னிப்புக் கொடுத்தவர் சிரிப்பார்.

அடுத்த முறை மகளைக் காணவில்லை என்று ஒரு தாய் பொலிஸ் நிலையப் படியேறும்போது அவருக்குத் துணையாக ஊர் போகட்டும். ஆசிரியர், கிராம சேவையாளர், தமிழில் வாக்குமூலம் எழுதச் சொல்லி விடாப்பிடியாக நிற்கத் தெரிந்த ஒரு சட்டத்தரணி. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரக்கூடாது. எழுத மறுத்தால் மறுத்தவரின் பெயர், நேரம், அவர் சொன்ன சொல் எல்லாம் அன்றிரவே தாளில் இறங்கி, மறுநாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும் இருக்க வேண்டும். சாட்சி சொல்ல வருபவரின் வீட்டில் அன்றிரவு யார் காவல் இருப்பது என்று ஊர் பேசி முடிவெடுக்க வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 2015 முதல் இருக்கிறது, 2023இல் புதிதாகவும் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்டுக் கையெழுத்திடக் குடாநாட்டில் எத்தனை பேருக்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?