மலை தெரியும் வீடு - எந்த போட்டோவுல?

எங்க திருவண்ணாமலையில வீடு வாடகைக்கோ விலைக்கோ வந்தா, விளம்பரத்துல முதல் வரியே 'மலை தெரியும்' என்பதுதான். கூடவே ஒரு போட்டோ. அந்த போட்டோவைப் பத்தித்தான் இந்தப் புலம்பல் :-)

முதல்ல வெளிச்சம். ஊரும் பெரிய கோயிலும் மலைக்குக் கிழக்கே இருக்கு. இங்க வீட்டையும் மலையையும் சேர்த்து எடுக்கணும்னா மேற்கே பார்த்து நிக்கணும். காலை 7 மணிக்கு வெயில் நம்ம முதுகுப் பக்கம். வீடும் மலையும் பளிச்னு இருக்கும். சாயங்காலம் எடுத்தா சூரியன் மலைக்குப் பின்னாடி; வீடு கறுத்து, வானம் வெளுத்துப் போயிடும். செங்கம் ரோடு பக்கம் கதையே வேற. அங்க மலை வடக்கே. மார்கழி, தை மாசத்துல சூரியன் தெற்கே சாய்ஞ்சு போறதால பகல் முழுக்க எடுக்கலாம். அடி அண்ணாமலைப் பக்கம்னா சாயங்காலம்தான் சரி.

மொபைலை அண்ணாந்து பிடிக்காதீங்க, சுவரெல்லாம் உள்பக்கமா சாயும். நேரா பிடிச்சு, நாலடி பின்னாடி தள்ளி நில்லுங்க. வாசல்ல நிக்கிற வண்டியை நகர்த்திட்டு ஒரு கோலம் போட்டா, பாதி வேலை முடிஞ்சுது.

இனிமேதான் விஷயமே. வைட் ஆங்கிள்ல கிட்ட நின்னு எடுத்தா 600 சதுர அடி வீடு பங்களா ஆயிடும். ஆனா 2,668 அடி மலை சின்னக் குன்றாயிடும். தூரமா போய் ஜூம் பண்ணினா, மலை மொட்டைமாடிக்குப் பின்னாடியே வந்து உட்கார்ந்துக்கும். ரெண்டுமே கேமரா சொல்றதுதான். ஆனா சென்னையிலயோ வெளிநாட்டுலயோ இருந்துக்கிட்டு, போட்டோவை மட்டும் நம்பி அட்வான்ஸ் அனுப்புறவங்க இருக்காங்களே, அவங்க என்னத்தைப் பார்த்து முடிவு பண்ணுவாங்க?

இதை விட மோசம், பக்கத்து காலி மனையை வெட்டி எறியறது. மலை தெரியறதே அந்தக் காலி மனையாலதான். நாளைக்கு அங்க ரெண்டு மாடி எழும்பினா மலை போச்சு, வாடகை மட்டும் அப்படியே நிக்கும். ஈ.பி. கம்பத்தையும் ஒயரையும் அழிக்க இப்போ மொபைல்லயே வசதி வந்தாச்சு, கேட்கவே வேணாம்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். வாசல் குப்பையை எடுத்துட்டு போட்டோ எடுங்க, தப்பேயில்லை. குடிவர்றவங்களும் அதைத்தான் செய்வாங்க. கம்பத்தை அழிக்காதீங்க, அவங்க வந்தப்புறமும் அது அங்கேயேதான் நிக்கும். நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது வீட்டுக்குச் செய்யற மரியாதை. இருக்கிறதை மறைக்கிறது, வரப்போறவங்களுக்குச் செய்யற துரோகம்.

நீங்க என்ன சொல்றீங்க?