அம்பாந்தோட்டை அரசியல்: கெங்கவல்லிக்கு என்ன சம்பந்தம்?

கெங்கவல்லியில் கடல் இல்லைதான். ஆனா, மரவள்ளிக்குப் போடுற பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருது. கடலில் பதற்றம் வந்தா கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் ஏறும்.

என்ன பிரச்னை?

இலங்கையின் தென்கோடியில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம், 2017-ல் 99 ஆண்டு குத்தகைக்கு சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்ட் 16-ல், இந்தியா கவலை தெரிவித்தும், செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் சீனக் கப்பல் 'யுவான் வாங் 5' அங்கே வந்து நின்றது. முந்தின நாள்தான் இலங்கைக் கடற்படைக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானத்தை இந்தியா கொடுத்திருந்தது!

அப்புறம்?

2024-ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது.

ஆக, குத்தகை சீனாவிடம். எந்தக் கப்பலை உள்ளே விடலாம்ங்கிற முடிவு கொழும்பிடம். அந்த முடிவைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் இந்தப் போட்டி.